காஸ்பரோவை வீழ்த்தக்கூடியவர் யார்?

2000 செப்டம்பரில் கேரி காஸ்பரோவ் உலக செஸ் சாம்பியனாகிப் பதினைந்து ஆண்டுகள் நிறைவதற்குச் சில வாரங்களே மீதமிருந்தன. அவருடைய ரேட்டிங் 2849. அவருக்கு அடுத்து நின்ற விளாதிமீர் கிராம்னிக், விஸ்வநாதன் ஆனந்த் இருவரும் 2770-ஐ ஒட்டி இருந்தார்கள். ஏறக்குறைய எண்பது புள்ளி இடைவெளி. ஈலோ கணக்கின்படி எண்பது புள்ளி கூடுதலாக உள்ளவர் நூற்றுக்கு அறுபத்தோரு பங்கு புள்ளிகளை எடுக்க வேண்டும். பதினாறு ஆட்டங்கள் கொண்ட மேட்ச் என்றால் முடிவு 10-6-ஐ ஒட்டி வரும். அக்டோபர் 8-ஆம் தேதி லண்டனில் தொடங்கிய மேட்சில் கிராம்னிக் 8.5 - 6.5 என்று வென்றார். பதினைந்து ஆட்டங்களிலேயே மேட்ச் முடிந்துவிட்டது. கிராம்னிக் இரண்டு வெற்றி, மீதி பதின்மூன்றும் டிரா. காஸ்பரோவுக்கு ஒரு வெற்றிகூட இல்லை. ஒரு ஆட்டமும் வெல்லாமல் ஒரு சாம்பியன் பட்டத்தை இழந்தது, 1921-இல் ஹவானாவில் காப்பாபிளாங்காவிடம் லாஸ்கர் தோற்றதற்குப் பிறகு அதுதான் முதல் முறை.

முடிவு தெரிந்த பிறகு காரணம் சொல்வது எல்லோருக்கும் கைவந்த கலை. எனக்கு அதில் ஆர்வமில்லை. மேட்ச் தொடங்குவதற்கு முன் கையிலிருந்த சான்றுகளை மட்டும் வைத்து, சவாலுக்கு வரக்கூடியவர்களில் யாரால் காஸ்பரோவை வீழ்த்த முடியும் என்று சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்பது என் கட்சி. அன்று பலரும் தவறிப்போனார்கள் என்றால், சான்று இல்லாமல் அல்ல. பார்க்க வேண்டிய சான்றை விட்டுவிட்டு வேறு சான்றைப் பார்த்ததால்.

முதலில் களத்தைச் சுருக்கிவிடலாம். டோபலோவ், மொரொசேவிச், ஆடம்ஸ், லேக்கோ, இவான்சுக் எல்லோரும் முதல்தர ஆட்டக்காரர்கள். இவான்சுக் 1991-இல் லினாரெஸில் காஸ்பரோவை நேருக்கு நேர் வென்று, அவரை முந்தி முதலிடமும் பெற்றவர். ஆனால் பல வாரம் நீளும் ஒரு மேட்சுக்கு வேண்டிய நிதானம் அவரிடம் இருந்ததற்குச் சான்று இல்லை. மற்றவர்கள் அன்றைய நிலையில் இன்னும் ஒரு படி கீழே. 1999-இல் லாஸ் வேகஸில் உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் பட்டம் வென்ற காலிஃப்மன் நல்ல ஆட்டக்காரர். இந்த வரிசையில் வைக்கத்தக்கவர் அல்லர். மிஞ்சுவது மூன்று பேர்: ஷிரோவ், ஆனந்த், கிராம்னிக்.

ஷிரோவை முதலில் எடுக்க வேண்டும், ஏனென்றால் உரிமை அவருடையது. 1998-இல் ஸ்பெயினின் காஸோர்லா ஊரில், காஸ்பரோவின் எதிராளி யார் என்று தீர்மானிப்பதற்காகவே ஒரு மேட்ச் நடத்தப்பட்டது. அதில் ஷிரோவ் கிராம்னிக்கை 5.5 - 3.5 என்று வென்றார். ஒன்பது ஆட்டங்களில் இரண்டு வெற்றி, ஏழு டிரா, தோல்வியே இல்லை. அதன்பின் பணம் போட ஆள் கிடைக்கவில்லை என்று காஸ்பரோவ் - ஷிரோவ் மேட்ச் கைவிடப்பட்டது. தோற்ற கிராம்னிக்குக்குப் பணம் போய்ச் சேர்ந்தது. வென்ற ஷிரோவுக்கு மேட்சே பரிசு என்று ஏற்பாடு; மேட்ச் நடக்காததால் அவருக்கு எதுவும் மிஞ்சவில்லை. இரண்டு வருடம் கழித்து, தான் வீழ்த்திய ஆளே தன் இடத்தில் போய் உட்கார்ந்து உலகப் பட்டத்தையும் வென்றதை அவர் பார்க்க நேர்ந்தது. செஸ் வரலாற்றில் இதைவிட அப்பட்டமான அநீதிகள் அதிகமில்லை. இருபத்தைந்து ஆண்டு கழித்தும் இதை நினைத்தால் எனக்கு மனம் ஆறவில்லை.

ஆனாலும் உரிமை வேறு, வல்லமை வேறு. காஸ்பரோவுக்கு எதிராக ஷிரோவின் கணக்கு பரிதாபமானது. முழுநேரக் கட்டுப்பாட்டில் ஆடிய ஆட்டங்களில் வாழ்நாள் முழுவதும் அவர் காஸ்பரோவை ஒருமுறைகூட வென்றதில்லை. தோற்றது பத்துக்கும் மேல். தற்செயல் என்று இதைத் தள்ள முடியாது. ஷிரோவின் பலம், பலகை தீப்பற்றி எரியும்போது பதறாமல் கணக்குப் போடுவது. காய்களைப் பலியிட்டு, நிலையைக் குழப்பி, எதிராளியை ஆழம் தெரியாத தண்ணீருக்குள் இழுப்பது. அந்தத் தண்ணீரில் உலகிலேயே நன்றாக நீந்தத் தெரிந்தவர் காஸ்பரோவ். மற்றவர்களை மூழ்கடிக்கும் இடத்துக்கே ஷிரோவ் அவரையும் இழுத்துப் போனார். ஒவ்வொரு முறையும் மூழ்கியது இவர்.

இங்கே ஒரு முக்கோணம் உருவாவதைப் பார்க்க வேண்டும். ஷிரோவ் கிராம்னிக்கை வென்றார். கிராம்னிக் காஸ்பரோவுக்குச் சமமாக நின்றார். காஸ்பரோவோ ஷிரோவைத் தூக்கி அடித்தார். ஆட்டத் திறன் என்பது ஒரே ஏணியில் மேல்படி, கீழ்படி என்று நிற்கும் விஷயமாக இருந்தால் இது நடக்கவே முடியாது. ரேட்டிங் அப்படி ஓர் ஏணியைத்தான் கட்டிக் காட்டுகிறது. நூறு பேரோடு ஆடினால் யார் எவ்வளவு எடுப்பார்கள் என்று அது சரியாகச் சொல்லும். குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட இன்னொருவரோடு ஒரு மாதம் மோதினால் என்ன ஆகும் என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

காஸ்பரோவை வெல்ல முடியாதவர் என்று காட்டிய போட்டித்தொடர் வெற்றிகளையும் இதே கண்ணோடு எடைபோட வேண்டும். 1999-இல் வெய்க் ஆன் ஸீ, லினாரெஸ், சரயேவோ மூன்றிலும் முதலிடம். லினாரெஸில் இரண்டாம் இடத்தைப் பகிர்ந்த கிராம்னிக், ஆனந்த் இருவரையும்விட இரண்டரைப் புள்ளி கூடுதல். 2000-த்திலும் வெய்க் ஆன் ஸீ அவருக்குத்தான். அசாத்தியமான சாதனைகள். ஆனால் அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் பட்டியலின் நடுவிலும் கீழும் இருந்தவர்களை இரக்கமில்லாமல் அடித்துச் சேர்த்தவை. மேட்சில் நடுவும் இல்லை, கீழும் இல்லை. இன்று டிரா ஆனால் நாளைக்கு வேறு ஆளைப் பிடித்து ஈடுகட்டலாம் என்ற வழியே கிடையாது.

அப்படியானால் மேட்சில் காஸ்பரோவைத் திணறடித்தவர் யார்? வரலாறு ஒரே பெயரைத்தான் சொல்கிறது: அனதோலி கார்ப்போவ். 1984 முதல் 1990 வரை ஐந்து மேட்சுகளில் இருவரும் 144 ஆட்டங்கள் ஆடினார்கள். காஸ்பரோவ் வென்றது 21, கார்ப்போவ் வென்றது 19, டிரா 104. பட்டம் 1985-இலிருந்து காஸ்பரோவிடமே இருந்ததால் இந்த எண்கள் எவ்வளவு நெருக்கமானவை என்பது மறந்துபோகிறது. செவில்லில் 1987-இல் கடைசி ஆட்டத்தை வென்றால்தான் பட்டம் மிஞ்சும் என்ற நிலைக்கே காஸ்பரோவ் தள்ளப்பட்டார். இதோடு மற்ற இரண்டு மேட்சுகளை ஒப்பிடுங்கள். 1993-இல் நைஜல் ஷார்ட்டை 12.5 - 7.5 என்றும், 1995-இல் ஆனந்தை 10.5 - 7.5 என்றும் வென்றார். ஷார்ட்டும் ஆனந்தும் அவரோடு வேகத்தில், தாக்குதலில், கூர்மையான சிசிலியன் நிலைகளில் மோதியவர்கள். கார்ப்போவ் வேறு இனம். எதிராளியின் காய்களுக்கு மூச்சுவிட இடமில்லாமல் செய்வது, சின்ன அனுகூலத்தைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் விடாமல் இருப்பது, வெறும் ஆட்டமுடிவிலும் சலிக்காமல் உட்காருவது. காஸ்பரோவை மேட்சில் சோதிக்கக்கூடிய ஆட்டக்காரரின் முகஜாடை இதிலிருந்து நமக்குத் தெரிந்துவிடுகிறது. என் தீர்ப்புக்கு நான் முதன்மையாக நம்புவது இந்தச் சான்றைத்தான்.

இப்போது ஆனந்த். சென்னையில் வளர்ந்த பிள்ளை என்ற பாசம் நம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் அவர் பக்கம் வலுவானது. லண்டன் மேட்சுக்கு முன் முதலில் பேச்சு நடந்ததே அவரோடுதான். அது கைகூடாமல் போன பிறகே கிராம்னிக்கிடம் போனார்கள். 1998-இல் லினாரெஸை வென்றவர், 1999 வெய்க் ஆன் ஸீயில் காஸ்பரோவுக்கு அரைப்புள்ளி மட்டுமே பின்னால் வந்தவர், 2000 டோர்ட்முண்டில் கிராம்னிக்கோடு முதலிடம் பகிர்ந்தவர். இயல்பான திறமை என்று எடுத்தால் மூவரில் அவரைத்தான் நான் முதலில் வைப்பேன்.

ஆனால் 1995 நியூயார்க் மேட்சைத் திரும்ப எடுத்துப் பார்க்கும்போது என் கை தயங்குகிறது. உலக வர்த்தக மையத்தின் 107-ஆவது மாடி. முதல் எட்டு ஆட்டங்களும் டிரா. ஒன்பதாவதில் ஆனந்த் காஸ்பரோவின் ஷெவெனிங்கன் சிசிலியனை உடைத்து வென்றார். அடுத்த ஆட்டத்திலேயே காஸ்பரோவ், திறந்த ஸ்பானிய ஆட்டத்தில் வீட்டில் தயாரித்து வைத்திருந்த யானைப் பலியைக் கொண்டுவந்து சமன் செய்தார். பதினொன்றாவதில் கறுப்புக் காய்களோடு, முன்பு ஆடிப் பழக்கமில்லாத டிராகன் சிசிலியனை எடுத்தார், வென்றார். பதின்மூன்றாவதிலும் அதே டிராகன். இருபத்தைந்து நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பதினான்கிலும் ஆனந்த் தோற்றார். பத்திலிருந்து பதினான்கு வரையிலான ஐந்து ஆட்டங்களில் நான்கு தோல்வி.

இதை மனத்திடத்தின் குறை என்று பலர் எழுதினார்கள். நான் ஒப்பமாட்டேன். அடிப்படையான காரணம் களம். ஆனந்த் வெள்ளைக் காய்களோடு ராஜா சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்தித் தொடங்குவார். காஸ்பரோவ் சிசிலியனால் பதில் சொல்வார். ஷெவெனிங்கன் அடைபட்டால் டிராகன், டிராகன் அடைபட்டால் நைதோர்ஃப். அந்த ஊரின் ஒவ்வொரு சந்தும் அவருக்கு அத்துப்படி. ஆனந்த் ஒரு வாசலைப் பூட்டும்போது இன்னொரு வாசல் ஏற்கெனவே திறந்திருந்தது. ஐந்து வருடம் கழித்து 2000-த்திலும் ஆனந்தின் வெள்ளை ஆட்டம் முக்கியமாக அதே முதல் நகர்த்தலில்தான் நின்றது. காஸ்பரோவை அவருடைய சொந்த ஊரைவிட்டு வெளியே இழுக்கும் வழி அவரிடம் இருந்ததாகக் காட்ட 1999, 2000 ஆட்டங்களில் எதுவும் இல்லை.

கிராம்னிக்குக்கு எதிரான வாதத்தை மழுப்பக் கூடாது, அது கனமானது. மேட்ச் ஆட்டக்காரராக அவர் பெயர் அன்று மிக மோசம். 1994-இல் கம்ஸ்கியிடம் 1.5 - 4.5 என்று தோற்றார். அதே வருடம் ஹைதராபாத் அருகே சங்கி நகரில் கெல்ஃபாண்டிடம் தோற்றார். 1998-இல் ஷிரோவிடம். 1999-இல் லாஸ் வேகஸ் நாக்-அவுட்டில் ஆடம்ஸிடம். தகுதிச் சுற்று எதையும் வெல்லாத ஒருவரை உலக சாம்பியனுக்கு எதிரே உட்கார வைத்தது எப்படி நியாயம் என்று கேட்டவர்களுக்கு நேரான பதில் இல்லை. கம்ஸ்கி, கெல்ஃபாண்ட் தோல்விகளைப் பதின்வயதுப் பையனின் கணக்கில் விட்டுவிடலாம். காஸோர்லாவை விட முடியாது: அங்கே ஒன்பது ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவரால் வெல்ல முடியவில்லை.

இவ்வளவும் இருந்தும் தராசு அவர் பக்கம் சாய்வதற்குக் காரணங்கள் உண்டு. 1999 தொடக்கத்திலிருந்து 2000 ஜூலையில் டோர்ட்முண்டில் ஆடம்ஸிடம் தோற்கும் வரை, எண்பதுக்கும் மேற்பட்ட முழுநேர ஆட்டங்களில் அவர் தோற்கவே இல்லை. இருபது ஆட்டத்துக்கு ஒரு தோல்வி என்பதே அந்த மட்டத்தில் நல்ல கணக்கு. தோற்காமலிருப்பதற்கு டோர்னமெண்டில் பெரிய மரியாதை கிடையாது, முதலிடத்துக்கு வெற்றிகள்தான் வேண்டும். பதினாறு ஆட்ட மேட்சில் அதன் மதிப்பே வேறு. சாம்பியன் முட்டிமோதிக்கொண்டே இருக்க வேண்டும், சுவர் விழக்கூடாது. காஸ்பரோவோடு நேருக்கு நேரான கணக்கில் கிராம்னிக் ஏறக்குறைய சமமாக நின்றார். அந்தத் தலைமுறையில் பெரும்பாலோருக்கு இது வாய்க்கவில்லை. 1996 டோஸ் எர்மானாஸில் கறுப்புக் காய்களோடு பலி கொடுத்துக் காஸ்பரோவின் ராஜாவையே விரட்டி வென்றிருக்கிறார். அதே வருடம் ஜனவரிப் பட்டியலில், இருவரும் 2775 என்று இருந்தபோது, முதலிடம் கிராம்னிக்குக்குத் தரப்பட்டது. 1995 மேட்சில் ஆனந்துக்கு எதிராகக் காஸ்பரோவுக்கு உதவியாளராக இருந்ததால், அவருடைய தயாரிப்புப் பட்டறையை உள்ளேயிருந்து பார்த்தவரும்கூட.

எல்லாவற்றிலும் முக்கியமான சான்று இன்னொன்று. காஸ்பரோவ் இளவயது முதல் ராணி சிப்பாய்த் தொடக்கத்துக்கு எதிராகக் கிங்ஸ் இண்டியன் தடுப்பை உயிராக ஆடிவந்தார். அது அவருடைய அடையாளம். 1990-களின் நடுவில் கிராம்னிக், 'பயோனெட்' என்று சொல்லப்படும் வழியில் ராணிப்பக்கச் சிப்பாயை முன்னே தள்ளி அந்தத் தடுப்பைத் தொடர்ந்து சோதித்தார். விளைவு, காஸ்பரோவ் கிங்ஸ் இண்டியனையே ஏறக்குறைய மூட்டைகட்டி வைத்தார். சாம்பியனை அவருக்குப் பிரியமான ஒரு வீட்டிலிருந்து வெளியேற்றிய ஒரே ஆள் கிராம்னிக்தான். இது லண்டனுக்கு மூன்று ஆண்டுகள் முன்பே பதிவாகியிருந்த செய்தி. கார்ப்போவின் முகஜாடையோடு இதைப் பொருத்திப் பார்த்திருந்தால் தீர்ப்பு 2000 செப்டம்பரிலேயே கிடைத்திருக்கும்.

கறுப்புக் காய்களோடு கிராம்னிக் என்ன செய்வார் என்பதில்தான் நியாயமான ஐயம் இருந்தது. அதற்கு அவர் கொண்டுவந்த பதில் யாரும் எதிர்பாராதது. லண்டன் ஹேமர்ஸ்மித்தில் முதல் ஆட்டம். காஸ்பரோவ் ஸ்பானிய ஆட்டத்தைத் தொடங்கினார். கிராம்னிக் குதிரையை வெளியே கொண்டுவந்து பெர்லின் தடுப்பை எடுத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சரக்கு. மேல்மட்டத்தில் அரிதாகவே ஆடப்பட்டது. நிலை வேகமாகக் கரைகிறது. எட்டாவது நகர்த்தலில் ராணிகள் வெட்டப்பட்டுப் பலகையைவிட்டுப் போகின்றன. வெள்ளை ராணியை வெட்டியது கறுப்பு ராஜா. ஆகவே கறுப்புக்கு இனிக் கோட்டை கட்ட முடியாது. ராணிப்பக்கத்தில் இரண்டு சிப்பாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. ராஜாப்பக்கத்தில் வெள்ளைக்கு மூன்றுக்கு நான்கு என்று சிப்பாய் அதிகம். பாடப்புத்தகப்படி வெள்ளையின் கை ஓங்கியிருக்க வேண்டும். ஆனால் கறுப்பிடம் பிஷப்கள் இரண்டும் இருக்கின்றன, அதன் அரணில் வெள்ளை புக இடமில்லை, ராணி இல்லாத பலகையில் நடுவில் நிற்கும் ராஜாவை மிரட்ட ஆளில்லை. காஸ்பரோவின் கற்பனை பாயத் தேவையான எதுவும் அந்த நிலையில் இல்லை. தயாரிப்பு, தாக்குதல், முன்முயற்சி என்று அவர் பதினைந்து ஆண்டு சேர்த்த செல்வமெல்லாம் எட்டு நகர்த்தலில் செல்லாமல் போனது.

மூன்றாவது ஆட்டத்திலும் ஒன்பதாவதிலும் பதின்மூன்றாவதிலும் அவர் அதே சுவரில் முட்டினார். பதின்மூன்றாவது, வெள்ளைக் காய்களோடு பதினான்கே நகர்த்தலில் டிரா. ஏழாவதில், வேறு தொடக்கம் ஆடிப் பார்த்து, பதினோரு நகர்த்தலில் டிரா. பின்தங்கியிருந்த சாம்பியன் வெள்ளைக் காய்களோடு அரை மணிப் பொழுதுக்குரிய ஆட்டங்களுக்கு ஒப்புக்கொண்டார் என்பதைவிடப் பெரிய வாக்குமூலம் தேவையில்லை. மறுபக்கம், இரண்டாவது ஆட்டத்தில் அவருடைய க்ரூன்ஃபெல்டை கிராம்னிக் ஆட்டமுடிவு வரை கொண்டுபோய் வென்றார். பத்தாவதில் நிம்ஸோ இண்டியனை இருபத்தைந்து நகர்த்தலில் தகர்த்தார்.

காஸ்பரோவ் அப்போது நல்ல நிலையில் இல்லை என்ற வாதம் இன்றும் எழுகிறது. லண்டனில் அவர் சோர்ந்திருந்தார் என்பது உண்மை. ஆனால் அந்தச் சோர்வு எங்கிருந்து வந்தது? அதற்கு முந்தைய மாதங்களில் வென்றுகொண்டிருந்தவர், அடுத்த வருடமான 2001-இல் வெய்க் ஆன் ஸீயையும் லினாரெஸையும் வென்றவர். அஸ்தானாவில் அதே வருடம் கடைசிச் சுற்றில் கிராம்னிக்கின் பெர்லினையே உடைத்து வென்றார். 2005-இல் ஓய்வுபெறும்வரை ரேட்டிங்கில் முதலிடத்தை விடவில்லை. திறமை எங்கும் போய்விடவில்லை. லண்டனில் அந்த ஒரு எதிராளி அதைப் பயன்படுத்த இடம் தரவில்லை. அஸ்தானா எனக்கு எதிரான சான்று என்று சிலர் சொல்லக்கூடும்: பெர்லின் உடையக்கூடியதுதானே? உடையும். அதற்கு வேண்டிய காலம் பல மாதங்கள். மேட்ச் நான்கு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

எனவே என் தீர்ப்பு இது. உரிமை ஷிரோவுக்கு, திறமையின் விரிவு ஆனந்துக்கு, காஸ்பரோவை வீழ்த்தும் வல்லமை 2000-த்தில் கிராம்னிக் ஒருவருக்கு மட்டும். ஷிரோவ் போயிருந்தால் மேட்ச் சீக்கிரமே ஒருதலையாகியிருக்கும். ஆனந்த் போயிருந்தால் நெருக்கமாக இருந்திருக்கும். ஒன்றிரண்டு புள்ளியில் காஸ்பரோவ் தப்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

2000-த்தின் ஆனந்த் என்று அழுத்திச் சொல்கிறேன். 2008 அக்டோபரில் பான் நகரில் பட்டத்தைக் காக்க அவர் உட்கார்ந்தபோது எதிரே இருந்தவர் இதே கிராம்னிக். வாழ்நாள் முழுக்க ராஜா சிப்பாயால் தொடங்கியவர் அங்கே ராணி சிப்பாயை நகர்த்தினார். கிராம்னிக் குழு மாதக்கணக்கில் தயாரித்திருந்த பெர்லினும் பெத்ரோவும் மேசைக்கே வரவில்லை. கறுப்புக் காய்களோடு மெரான் வழியில் கிராம்னிக்குக்குப் பிடிக்காத கலவர நிலைகளைக் கொண்டுவந்து மூன்றாவது, ஐந்தாவது ஆட்டங்களை வென்றார். ஆறாவதை வெள்ளையில் வென்றார். மேட்ச் 6.5 - 4.5 என்று பதினோராவது ஆட்டத்தில் முடிந்தது. 1995-இல் காஸ்பரோவ் தனக்குச் செய்ததையும், 2000-த்தில் கிராம்னிக் காஸ்பரோவுக்குச் செய்ததையும் உட்கார்ந்து படித்த ஒருவரின் மேட்ச் அது. அந்த ஆனந்த் லண்டனுக்குப் போயிருந்தால், கிராம்னிக் ஒருவருக்கு மட்டும் என்று மேலே எழுதியதை நான் எழுதியிருக்க முடியாது.